ரத்தம் கேட்டவர்களும் பாம்பு கேட்டவர்களும்

ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற தொழிலில் எங்களுக்கு ஒரே போட்டி கொசுதான். அது யாரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை என்பதால் எங்களைவிட நிம்மதியாக இருக்கிறது.

நான் திருவண்ணாமலையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சர்க்கரை, கொழுப்பு என்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள். கிரிவலம் சுற்றிவிட்டு வியர்வை காயாமல் நேராக வந்து, "இப்ப கம்மியாயிருக்கா பாரும்மா" என்று கை நீட்டும் பக்தர்களோடு என் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பெருநகரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சித் திட்டம் வந்து சேர்ந்தது. பரம்பரையாக வரும் ரத்த நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி. உலகத்தில் இதுவரை நடந்த மரபணு ஆராய்ச்சியெல்லாம் பெரிய கூட்டங்களின் ரத்தத்தை வைத்தே நடந்துவிட்டதாம். சின்னச் சமூகங்கள் கணக்கிலேயே வரவில்லையாம். அதனால் அவர்களுக்கு என்ன நோய், அதற்கு என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாதாம்.

நியாயமான பேச்சு. இன்றைக்கும் அதை நியாயம் என்றுதான் சொல்வேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் ஓர் இருளர் பழங்குடிக் குடியிருப்பில் ரத்தம் எடுக்க, ஊசி பிடிக்கத் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். ஐஸ் பெட்டியும் கையுமாக ஊர் ஊராக அலைந்து, நாய்களால் துரத்தப்பட்டு, மேலே இருப்பவர்களிடம் திட்டும் வாங்கிய சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பீர்கள்.

படித்துக் காட்டிய பாவம்

ஒப்புதல் படிவம் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு அளவு இருந்தது. முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. தமிழில்தான் இருந்தது, அதாவது தமிழ் எழுத்தில் இருந்தது. "பங்கேற்பாளரின் உயிரியல் மாதிரிகள் எதிர்கால மரபணுசார் பகுப்பாய்வுகளுக்கு உட்படுத்தப்படக்கூடும்" என்று நான் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் நின்று முழங்கினேன். கேட்டுக்கொண்டிருந்த குழந்தை ஒன்று அழுதது. இரண்டு பேர் தூங்கிப்போனார்கள். ஓர் ஆடு மட்டும் கடைசிவரை கவனமாகக் கேட்டது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் ஏழுமலை. செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுப் படிவக் கட்டை வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். "புரிஞ்சுதா அண்ணா?" என்றேன். அவர் சொன்னார்:

"ஒண்ணும் புரியல மேடம். ஆனா இவ்ளோ பேப்பர் எழுதிக்கினு வந்திருக்கீங்கன்னா, பின்னாடி ஏதோ தப்பு பண்ணப் போறீங்கன்னு மட்டும் தெரியுது."

நாலு தாத்தா பாட்டி

எல்லார் ரத்தமும் வேண்டாம். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் தாத்தா பாட்டி நாலு பேரும் இருளராகவே இருக்க வேண்டும், அப்போதுதான் ஆராய்ச்சிக்கு ஆகும். இதைக் கேட்டுக் குறிக்கிற வேலையை மட்டும் எங்கள் பெரிய டாக்டர் தானே செய்தார். ஆராய்ச்சியின் தலைவர் அவர். நல்ல மனிதர். எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார், யார் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்.

ஏழுமலையின் மனைவி கன்னியம்மா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "உங்க தாத்தா பாட்டி எல்லாரும் இருளரா?" "ஆமாங்க." டாக்டர் குறித்துக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கன்னியம்மா எழுந்திருக்கவே இல்லை. "அவ்ளோதானா சார்?" என்று கேட்டாள். "அவ்வளவுதான்மா" என்றார் அவர்.

அவள் ஏன் எழவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. மகள் சந்தியா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நர்சிங் சேர வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். எஸ்.டி. சான்றிதழ் இருந்தால் இடம் நிச்சயம், இல்லாவிட்டால் அம்மாவோடு சூளைக்குத்தான். சாதிச் சான்றிதழ் கொடுக்கும் ஆபீசிலிருந்து விண்ணப்பம் திரும்பித் திரும்பி வந்தது. தாத்தாவின் சான்றிதழைக் கொண்டுவா என்றார்கள். தாத்தா வாழ்நாள் முழுக்க ஓர் அரிசி ஆலையில் கொத்தடிமையாகக் கிடந்தவர். அவரை எவனும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, சான்றிதழுக்கு எங்கே போவார்? கவுன்சிலிங் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒருவழியாக எழுந்த கன்னியம்மா, டாக்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி என் காதருகே வந்து சொன்னாள்:

"ஒரு வார்த்த சொன்னதும் நம்பிட்டாரே. இந்த சாரயே அந்த ஆபீஸ்ல குந்த வெச்சா இன்னா மேடம்?"

பிஸ்கட் வரைக்கும் அனுமதி

காலையில் வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்கிறார்களே, மதியம் ஒரு சாப்பாடு போடலாமே என்று மேலிடத்துக்குக் கேட்டு எழுதினேன். கூடாது என்று பதில் வந்தது. சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு ஏழைகள் ரத்தம் கொடுத்துவிடலாம், அது சுதந்திரமான சம்மதம் ஆகாது, ஆராய்ச்சியில் தப்பு நடக்காமல் பார்க்கிற நெறிமுறைக் குழு ஒப்பாது. டீயும் பிஸ்கட்டும் போதுமாம். டீக்கும் பிஸ்கட்டுக்கும் எந்த ஏழையும் ஆசைப்பட மாட்டான் என்று குழு முடிவு செய்திருந்தது போலும். அன்றைக்கு ஆராய்ச்சிக் குழு ஊருக்குள் போய் ஓட்டலில் வாழையிலை போட்டுச் சாப்பிட்டு வந்தது, அவர்களுடைய சம்மதத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

நான் இந்த விதியை மழுப்பாமல் ஏழுமலையிடம் சொல்லிவிட்டேன். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்:

"சோத்துக்கு ஆசப்பட்டுத்தான் சூளைக்கே போறோம். அதுக்கு எந்தக் குழுவும் பயந்த மாதிரி தெரியலியே மேடம்."

பாம்பு எங்கே?

ஒருநாள் நான் ரத்தம் அடைத்த குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது, விசாரணைக்கு என்று அந்த ஆபீசிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். குடியிருப்பே எழுந்து நின்றது. சந்தியா பள்ளிக்கூடச் சான்றிதழ்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் அவற்றைத் தொடவில்லை.

"பாம்பு புடிப்பியா?" என்றார்.

"இல்ல சார். பயம்."

"எலி?"

"இல்ல சார்."

"பாம்பும் புடிக்கத் தெரியாது, எலியும் புடிக்கத் தெரியாது, அப்புறம் என்ன இருளர்?" என்று அவர் சலித்துக்கொண்டார். ஏழுமலை பதறிப்போய், நான் பிடிச்சுக் காட்டறேன் சார் என்று ஏரிப்பக்கம் ஓடப் பார்த்தார். கன்னியம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்தால் வனத்துறை வழக்குப் போடும், பிடிக்காவிட்டால் இவர் கையெழுத்துப் போட மாட்டார், நாங்கள் எந்தப் பக்கம் சாவது என்று அவரிடமே கேட்டாள். அவர் காதில் வாங்காமல் "பாரம்பரியத் தொழில் அறியவில்லை" என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஊசி இருந்தது, நல்லவேளை, என் தொழில் தர்மம் என்னைத் தடுத்தது. சந்தியாவுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் கலங்கவில்லை. பைக்கை உதைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டாள்:

"சார், நீங்க எதைப் புடிச்சுக் காட்டி உங்க ஜாதி சர்ட்டிபிகேட்டை வாங்கினீங்க?"

பௌர்ணமியும் ஐஸ் பெட்டியும்

குடியிருப்பில் எடுத்த ரத்தத்தை அன்றைக்கே ஊருக்குக் கொண்டுவந்து குளிரில் வைக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் காலண்டர் பார்க்கிற வழக்கமில்லாதவர்கள், அதனால் சரியாகப் பௌர்ணமியன்று முகாம் போட்டார்கள். பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குள் வண்டியில் வருவது எப்படி என்று இந்த ஊர்க்காரர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் கற்பனை செய்துகொள்ளுங்கள்: மலையைச் சுற்றிலும் ஜனம், ஜனத்தைச் சுற்றிலும் தடுப்புக்கட்டை.

ஷேர் ஆட்டோவில் என்னோடு கன்னியம்மாவும் வந்தாள். கிரிவலப் பாதையில் விற்பதற்கு ஒரு கூடை அவித்த வேர்க்கடலை வைத்திருந்தாள். மகளின் விண்ணப்பச் செலவுக்கு அதுதான் வழி. ஊர் எல்லையில் ஆட்டோவை நிறுத்தி எங்களை இறக்கினார்கள். நான் பெட்டியைக் காட்டி, "ரத்தம் சார், கெட்டுப்போயிடும்" என்றேன். காவலர் பயபக்தியோடு கட்டையை விலக்கினார். எனக்காக விசில்கூட ஊதினார். கன்னியம்மா கூடையோடு என் பின்னாலேயே நுழையப் பார்க்க, கட்டை மறுபடி விழுந்தது. யாவாரக் கூடையெல்லாம் உள்ளே வரக் கூடாதாம். அவள் காலையில் நான் குத்திய இடத்தை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னாள்:

"ஐயா, அந்தப் பொட்டியில இருக்கறதும் நான்தாங்க."

பிளாஸ்திரி சாட்சி

ஊசி குத்திய இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரியை அரை மணியில் பிய்த்து எறிந்துவிடலாம். இதைத் தெளிவாகச் சொல்லித்தான் ஒட்டுவேன். ஆனால் அடுத்த முறை போனபோது குடியிருப்பு முழுவதும் அதைக் கையிலேயே வைத்திருந்தது. அழுக்கேறி, ஓரம் சுருண்டு, சிலர் மேலே நூல் சுற்றிக் காப்பாற்றியிருந்தார்கள். குளிக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு குளித்தார்களாம். புண் வைத்துவிடும் என்று நான் கத்தினேன். யாரும் அசையவில்லை. தாங்கள் இருளர் என்பதைப் படித்த ஒருவர் நம்பியதற்கு அவர்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பிளாஸ்திரிதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

ஏழுமலை அதோடு நிற்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆபீசுக்கே போனார். நானும் கூடப் போனேன். "ஐயா, இருளர் ரத்தம் வேணும்னு பெரிய டாக்டரே வந்து என்கிட்ட எடுத்துக்கினு போயிருக்காரு" என்று, அன்றைக்குப் பைக்கில் வந்த அதே அதிகாரியின் மேசையில் முழங்கையை வைத்தார். அதிகாரி பிளாஸ்திரியைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். இத்தனை நாள் பாம்பையும் எலியையும் நம்பிக் கிடந்தவருக்கு அறிவியல் கைகொடுக்க வந்துவிட்டது. ரத்தத்தில் அப்படியெல்லாம் தெரியாது சார் என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன், அது அவர் காதில் ஏறவில்லை. ஆராய்ச்சித் திட்டத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லி உத்தரவு போட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே! இனிமே உங்க ஆளுங்க யாரு வந்தாலும் அப்ளிகேஷன்கூட ஜீன் ரிப்போர்ட்டும் சேர்த்து வைக்கச் சொல்லிடறேன்."

பேரில்லாத குழாய்

ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் பெரிய டாக்டரைப் போனில் கூப்பிட்டு, இந்தக் குடியிருப்பு இருளர் குடியிருப்பு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம் என ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அந்தப் பெண்ணுக்கு உதவும் என்றேன். அவர் நெறிமுறைக் குழுவைக் கேட்டார். முடியாது என்று வந்தது. ரத்தம் கொடுத்தவர் யார் என்று எந்த ஆபீசுக்கும் சொல்லக் கூடாது, அவர்களுடைய பாதுகாப்புக்காகவே குழாயில் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் ஒட்டுகிறோம் என்றார்கள். தப்பில்லாத விதிதான். யார் வீட்டில் என்ன நோய் என்று ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும், வேலை போகும். அந்த விதியை எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சந்தியாவிடம் போய் அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் என்பதில்தான் கோபம்.

சொன்னேன். கவுன்சிலிங்குக்கு இருந்த நாட்களை அவள் வாய்க்குள் எண்ணிப் பார்த்ததை நான் பார்த்தேன். அப்புறம் கேட்டாள்:

"என்னைப் பாதுகாக்கத்தான் என் பேரை எடுத்தாங்கன்னா சரிக்கா. ஆனா யார்கிட்டேருந்து பாதுகாக்கறாங்க, என்கிட்டேருந்தா?"

கேட்டோம், சொன்னாங்க

நாங்கள் கெஞ்சி நடக்காததை அதிகாரியின் கடிதம் நடத்திவிட்டது. குடியிருப்பு முழுவதுக்கும் ஜீன் ரிப்போர்ட் அனுப்புக என்ற அந்தக் கடிதம் கிடைத்ததும் பெரிய டாக்டருக்கு வியர்த்துவிட்டது. நோய்க்கு என்று எடுத்த ரத்தத்தை வைத்துச் சாதி பார்க்கிறார்கள் என்று வெளியே செய்தி போனால் திட்டமே இழுத்து மூடப்படும். அடுத்த ரயிலைப் பிடித்து ஓடி வந்தார். சந்தியாவுக்காக வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆபீசில் அவர்கள் பேசியபோது நானும் சந்தியாவும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"ரத்தத்தை வெச்சு ஜாதி சொல்ல முடியாது சார். மிஷினுக்கு ஜாதி தெரியாது" என்றார் டாக்டர்.

"அப்ப நீங்க எப்படி இருளர்னு முடிவு பண்ணீங்க?"

"கேட்டோம்."

"கேட்டு?"

"சொன்னாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சொன்னா எழுதிக்குவீங்களா?" என்று கேட்டார். அக்கம்பக்கத்து ஊர்களிலும் விசாரித்தோம், உலகம் முழுக்க அதுதான் முறை என்றார் டாக்டர். மூலையில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்த எழுத்தர், இந்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர், இனி யாருக்கும் பயப்படத் தேவையில்லாதவர், தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நம்ம ரூல்ஸ்லயும் விசாரிச்சுக் குடுக்கணும்னுதான் சார் போட்டிருக்கு. பாம்புன்னு எங்கயும் போடல."

டாக்டர் என்பதற்கு என்ன அத்தாட்சி?

சான்றிதழ் கவுன்சிலிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது. சந்தியா நர்சிங் சேர்ந்தாள். அன்றைக்கு நான் அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. மற்ற பிள்ளைகளின் விண்ணப்பங்கள் இன்னும் அதே ஆபீசில்தான் தூங்குகின்றன, அவற்றை எழுப்ப ஒரு டாக்டருக்கு வியர்க்க வேண்டும்.

சில மாதம் கழித்து இரண்டாம் சுற்று ரத்தத்துக்காகப் பெரிய டாக்டரே ஏரிக்கரைக்கு வந்தார். தம்மால்தான் சான்றிதழ் கிடைத்தது என்ற நினைப்பு நடையிலேயே தெரிந்தது. விடுமுறைக்கு வந்திருந்த சந்தியா அவருக்கு நாற்காலி போட்டு, எதிரில் தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். "சார், நீங்க டாக்டர்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றாள். அவர் சிரித்தபடி அடையாள அட்டையைக் காட்டினார். "இது பத்தாது சார், உங்க தாத்தாவோடது இருக்கா?" அவர் சிரிப்பு கொஞ்சம் கம்மியானது. "சரி, பாரம்பரியத் தொழில் தெரியுமான்னு பார்ப்போம். எங்கப்பா கையில ரத்தம் எடுத்துக் காட்டுங்க." ஏழுமலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக வந்து நின்றார். டாக்டர் ஊசியை எடுத்தார். படித்து முடித்த காலத்தோடு அதைத் தொடுவதை விட்டவர். நரம்பை ஒரு பக்கம் தேடினார், இன்னொரு பக்கம் தேடினார், தட்டினார், நீவினார். குடியிருப்பே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஊசியை மெல்ல என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை, சந்தியாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னாள்:

"பரவால்ல விடுங்க சார். டாக்டர்னு நீங்க சொன்னீங்க, நாங்க நம்பறோம். போன தடவை எடுத்த ரத்தத்துல எங்களுக்கு என்ன இருந்ததுன்னு சொல்லுங்க, அப்புறம் கை நீட்டறதா வேணாமான்னு நாங்க சொல்றோம்."

ஆக, இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: ஒருத்தியின் ரத்தத்தை எடுக்க ஒரு சின்ன ஊசி போதும், ஆனால் அவள் சொல்வதை நம்புவதற்கு ஒரு ஆபீஸ், ஒரு ஆராய்ச்சித் திட்டம், ஓய்வு பெறப்போகும் ஓர் எழுத்தர், முடிந்தால் கூடவே ஒரு பாம்பு, எல்லாம் தேவைப்படுகிறது.